எந்த விமர்சனம் இங்கே செல்லும்? மத்திய வங்கி பற்றிய ஒரு நூலை ஸ்வீடிஷுக்குத் தேர்ந்தெடுத்த அனுபவம்

மத்திய வங்கிகளைச் சாடும் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆங்கிலத்தில் உள்ளவற்றை மட்டும் அடுக்கினாலே ஓர் அலமாரி போதாது. அவற்றில் ஒன்றை ஸ்வீடிஷில் கொண்டுவருவது என்று எங்கள் படிப்பு வட்டம் முடிவு செய்தது. எந்தப் புத்தகம் என்று தீர்மானிக்கவே மாதக்கணக்கில் ஆனது. அந்தத் தேர்வைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேறு மொழிக்கு, வேறு துறையில் இப்படி ஒரு நூலைத் தேடுகிறவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் பயன்படும்.

நான் வசிப்பது உப்சாலாவில். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. ஸ்வீடனில் படிப்பு வட்டம் என்பது நூறாண்டைத் தாண்டிய வழக்கம். தொழிலாளர் கல்விச் சங்கமான ஏ.பி.எஃப். 1912-இல் தொடங்கப்பட்டது. இத்தகைய சங்கங்களின் ஆதரவில், அரசு மானியத்துடன், நாடெங்கும் மாலை நேரங்களில் சிலர் கூடி ஒரு நூலையோ ஒரு பொருளையோ சேர்ந்து படிக்கிறார்கள். எங்கள் வட்டத்தில் ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், பிரெஞ்சு ஆசிரியையாக இருந்தவர், நூலகர், தொழிற்சங்கக்காரர், பொருளியல் மாணவி என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அரசியலில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள். ஒரு விமர்சன நூலைத் தேர்ந்தெடுக்க அதைவிட நல்ல கூட்டம் அமையாது.

இந்தப் பொருள் எங்களுக்கு ஏட்டுச் சுரைக்காய் அல்ல. ஸ்வீடனில் வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாறும் வட்டியில்தான் வாங்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி மாறும். ஸ்வீடனின் மத்திய வங்கியான ரிக்ஸ்பேங்க் 2022 ஏப்ரல் வரை பூஜ்யத்தில் வைத்திருந்த கொள்கை வட்டி, அதாவது மற்ற வட்டிகளுக்கு அடிப்படையான வட்டி, 2023 செப்டம்பரில் 4 சதவீதத்தைத் தொட்டது. 30 லட்சம் குரோனா கடன் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டி 3 சதவீதப் புள்ளி ஏறினால் ஆண்டுக்கு 90,000 குரோனா, மாதத்துக்கு 7,500 குரோனா கூடுதல். வருமான வரியில் கிடைக்கும் 30 சதவீதக் கழிவைக் கழித்துப் பார்த்தாலும் மாதம் 5,250 குரோனா கையை விட்டுப் போகும். இதைத் தீர்மானிப்பது ஐந்து பேர் கொண்ட வாரியம். அந்த ஐந்து பேருக்கு அந்த அதிகாரம் எப்படி வந்தது, அவர்களை யார் கேள்வி கேட்க முடியும் என்பது தெரியாமல் வாழ்வது சரியில்லை என்று நாங்கள் உறுதியாக நினைத்தோம்.

ஸ்வீடன்காரர்கள்தான் ஆங்கிலம் சரளமாகப் படிப்பார்களே, மொழிபெயர்ப்பு எதற்கு என்ற கேள்வி முதல் நாளே வந்தது. நியாயமான கேள்வி. ஒரு கோடிக்குச் சற்றே மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நாட்டில், பொருளியல் படித்தவர்கள் எப்படியும் ஆங்கிலத்தில் படித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் எங்கள் வாசகர்கள் அல்லர். வீட்டுக் கடன் கட்டும் செவிலியர், நகர மன்ற உறுப்பினர், உயர்நிலைப் பள்ளியில் சமூகவியல் நடத்தும் ஆசிரியர், இன்னொரு ஊரின் படிப்பு வட்டம் என்று இவர்களுக்காகத்தான் தேடினோம். இவர்கள் ஆங்கிலத்தில் நாவல் படிப்பார்கள். கடன் பத்திரச் சந்தை பற்றி இரவு ஒன்பது மணிக்கு ஆங்கிலத்தில் படிக்கமாட்டார்கள். வாசகர் யார் என்பதை இப்படி ஆள் ஆளாகச் சொல்லிப் பார்த்ததில், பட்டியலில் இருந்த தடித்த நூல்கள் சில அப்போதே கழன்றுவிட்டன.

பட்டியல் சேர்ந்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. விமர்சனம் என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று பகையான கூட்டங்கள் இருக்கின்றன. மத்திய வங்கியே கூடாது, பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைக்கும் முறைக்குத் திரும்ப வேண்டும் என்கிறார் அமெரிக்கப் பொருளியலாளர் முர்ரே ராத்பார்ட். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வுக்கு எதிரான அவருடைய சிறு நூல் 1994-இல் வந்தது. வங்கிகள் கடன் கொடுக்கும்போதே பணத்தைப் படைப்பதைத் தடுத்து, அந்த உரிமையை அரசிடம் மட்டும் விட வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். சுவிட்சர்லாந்தில் இதே யோசனை 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்குப் போய், நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் தோற்றது. மத்திய வங்கி இருக்கட்டும், அதன் மீது ஜனநாயகப் பிடி வேண்டும் என்பவர்கள் மூன்றாவது வகை. முதலில் இந்த வகைகளைப் பிரித்துக்கொள்ளாமல் புத்தகங்களை ஒப்பிடுவது வீண். இரண்டு நூல்கள் ஒரே நிறுவனத்தைத் திட்டுவதால் மட்டும் அவை ஒரே கட்சி ஆகிவிடாது.

அடுத்த வேலை அடிக்குறிப்புகளைத் துரத்துவது. இதில்தான் அதிக நேரம் செலவானது. செலவான நேரத்துக்கு முழுப் பலனும் கிடைத்தது. ஓர் உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். அமெரிக்க மத்திய வங்கியைச் சாடும் எழுத்துகளில் அடிக்கடி தென்படும் மேற்கோள் ஒன்று உண்டு. அந்த வங்கியை உருவாக்கிய ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் கையெழுத்திட்ட அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன், பிற்காலத்தில் மனம் நொந்து, அறியாமல் நாட்டைக் கெடுத்துவிட்டேன் என்று புலம்பியதாக அது சொல்லும். நூலகர் அதன் மூலத்தைத் தேடினார். முதல் வரிகளுக்கு மூலமே இல்லை. நாட்டின் கடன் அமைப்பு ஒரு சிலர் கையில் குவிந்திருக்கிறது என்ற பகுதி வில்சன் சொன்னதுதான். ஆனால் அது 1912 தேர்தல் பிரசாரத்தில், அன்றைய தனியார் வங்கி ஏகபோகத்தைப் பற்றிச் சொன்னது. சட்டம் கையெழுத்தானது 1913 டிசம்பர் 23. அதாவது சட்டத்துக்கு முன்பு, அந்தச் சட்டம் ஏன் தேவை என்பதற்குச் சொன்ன வாதத்தை எடுத்து, சட்டத்துக்குப் பிறகான கண்ணீராக மாற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் தொடக்க கால அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் பெயரில் உலவும் இன்னொரு மேற்கோளும் இப்படித்தான். பணவீக்கம், பணவாட்டம் என்ற சொற்களை இன்றைய பொருளில் பயன்படுத்துகிறது. அவர் காலத்தில் அந்தச் சொற்களுக்கு அந்தப் பொருளே கிடையாது. ஒரு நூலில் இப்படி ஒன்று அகப்பட்டால், மற்ற மேற்கோள்களையும் நம்ப முடியாது. மொழிபெயர்ப்பவருக்கு இது கூடுதல் தலைவலி: பொய் மேற்கோளைத் தெரிந்தே தன் மொழியில் எழுதுவதா, திருத்துவதா? திருத்தினால் அது அந்த ஆசிரியரின் நூல் அல்ல. அத்தகைய நூலை எடுக்காமலிருப்பதே நேர்மை.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். மத்திய வங்கி எதிர்ப்பு இலக்கியத்தின் ஓரத்தில் யூத வெறுப்பு நெடுங்காலமாகக் குடியிருக்கிறது. ஐரோப்பாவின் யூத வங்கிக் குடும்பமான ராத்ஸ்சைல்டு குடும்பத்தைச் சுற்றிப் பின்னிய கதைகள், உலகையே ஆட்டிவைக்கும் ஒரு சில வங்கியாளர்கள் என்ற சித்திரம், நாட்டின் பணம் என் கையில் இருந்தால் சட்டம் எவர் இயற்றினால் என்ன என்று மேயர் ஆம்ஷெல் ராத்ஸ்சைல்டு சொன்னதாக ஓர் ஆதாரமற்ற வாசகம்: இவை எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வருபவை. ஒவ்வொரு நூலிலும் முதலில் பெயரடைவைப் புரட்டுவது எங்கள் வழக்கமாயிற்று. அந்தக் குடும்பப் பெயருக்கு எதிரே எத்தனை பக்க எண்கள், அந்தப் பக்கங்களில் என்ன ஆதாரம் என்று பார்த்தால் நூலின் மணம் தெரிந்துவிடும். 1910 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஜெக்கில் தீவில் செனட்டர் நெல்சன் ஆல்ட்ரிச்சும் சில வங்கியாளர்களும் மத்திய வங்கித் திட்டம் ஒன்றை வகுக்க ரகசியமாகக் கூடியது உண்மை. வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்லும் உண்மை. அந்த உண்மையிலிருந்து எவ்வளவு தூரம் ஆதாரத்துடன் நடக்கிறார்கள், எங்கே தாவுகிறார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு தலைமுறையின் கோபத்தைத் தவறான மனிதர்கள் மீது திருப்பிவிடும் நூலை நம் கையால் இன்னொரு மொழிக்குள் அழைத்துவரக் கூடாது. இதில் எங்கள் வட்டத்தில் மாற்றுக் கருத்தே இல்லை.

பிறகு பெயர் மாற்றிப் பார்க்கும் சோதனை. நூலில் ஃபெடரல் ரிசர்வ் என்று வரும் இடங்களில் எல்லாம் ரிக்ஸ்பேங்க் என்று போட்டு வாசிக்க வேண்டும். வாதம் நிற்கிறதா? அமெரிக்காவில் பிராந்திய ரிசர்வ் வங்கிகளின் பங்குகளை உறுப்பு வங்கிகள் வைத்திருக்கின்றன. அதை வைத்துத் தனியார் கூட்டணி என்று ஒரு வாதம் கட்டலாம். ஸ்வீடனில் அது முதல் வரியிலேயே விழுந்துவிடும். இங்கே 1661-இல் ஐரோப்பாவின் முதல் காகித நோட்டுகளை வெளியிட்டது யோஹான் பால்ம்ஸ்ட்ரூக் நடத்திய ஸ்டாக்ஹோல்ம்ஸ் பேங்கோ. அது நொடித்துப்போன பிறகு, 1668-இல் அந்த இடத்தில் தொடங்கியதுதான் இன்றைய ரிக்ஸ்பேங்க். அரசரிடம் கொடுக்காமல் நாடாளுமன்றமான ரிக்ஸ்டாகின் கீழ் வைத்தார்கள். இன்றும் அது ரிக்ஸ்டாகின் அமைப்புதான். வாரியத்தை நியமிக்கும் 11 பேர் கொண்ட மன்றத்தை ரிக்ஸ்டாகே தேர்ந்தெடுக்கிறது.

வங்கிகள் 10 சதவீதம் கையிருப்பு வைத்துக்கொண்டு மீதியைக் கடனாகக் கொடுத்துக் கொடுத்துப் பத்து மடங்காக்குகின்றன என்ற பிரபலமான விளக்கமும் அப்படியே. ஸ்வீடன் கட்டாயக் கையிருப்பை 1994-இல் கைவிட்டது. அமெரிக்காவே 2020 மார்ச்சில் பூஜ்யமாக்கிவிட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து 2014-இல் தன் காலாண்டு இதழில் எளிய மொழியில் எழுதியது: வங்கி கடன் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே புதிய வைப்பு, அதாவது புதிய பணம், உருவாகிறது. எனவே ஒவ்வொரு நூலிலும் பணம் எப்படி உருவாகிறது என்ற அத்தியாயத்தைத் தனியே எடுத்து, ஓய்வு பெற்ற வங்கி ஊழியரிடம் கொடுத்தோம். நாற்பது ஆண்டு கடன் பிரிவில் இருந்தவர். கிளையில் கடன் கேட்டு வந்தவரிடம் கையிருப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று தான் ஒருநாளும் சொன்னதில்லை என்றார் அவர். அந்த அத்தியாயத்தில் தேறாத நூல் மற்றதில் எவ்வளவு சூடாக எழுதப்பட்டிருந்தாலும் பட்டியலிலிருந்து போனது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சியவற்றில் ஒவ்வொன்றையும் விடுவது எங்களுக்கு வலித்தது. ரிச்சர்ட் வெர்னர் ஜப்பான் வங்கியைப் பற்றி எழுதிய நூல் 2001-இல் ஜப்பானிய மொழியில் வந்து, பிறகு ஆங்கிலத்தில் வந்தது. எந்த வங்கி எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்று மத்திய வங்கி மறைவாக அளவு வகுத்ததே அங்கே நிலம், பங்கு விலைகளின் குமிழியை உண்டாக்கியது என்பது அதன் வாதம். ஸ்வீடன்காரருக்கு இது நெருக்கமான கதை. இங்கேயும் வங்கிக் கடனுக்கு உச்சவரம்பு இருந்தது. 1985 நவம்பரில் ரிக்ஸ்பேங்க் அதை நீக்கியது. கடன் பெருகியது, வீட்டு விலையும் வணிகக் கட்டட விலையும் எகிறின, 1990-களின் தொடக்கத்தில் எல்லாம் சரிந்தது. 1992 செப்டம்பரில் குரோனாவின் நிலையான மாற்று மதிப்பைக் காப்பாற்ற வட்டியை 500 சதவீதத்துக்கு ஏற்றியதும், நவம்பர் 19-ஆம் தேதி அதைக் கைவிட்டு, மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று நாணயத்தை மிதக்கவிட்டதும் அறுபதைத் தாண்டிய எவருக்கும் மறக்காது. ஆனாலும் வெர்னரின் நூல் ஜப்பானின் நெருக்கடியைத் திட்டமிட்ட செயல் என்கிறது. நோக்கத்தை நிரூபிப்பது நிகழ்வை நிரூபிப்பதைவிடப் பன்மடங்கு கடினம். ஜப்பானிய ஆவணங்களைச் சரிபார்க்க எங்களில் ஆள் இல்லாததால் அந்தப் பொறுப்பை ஏற்க முடியவில்லை.

பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் துணை ஆளுநராக இருந்த பால் டக்கரின் 2018 நூல், தேர்தலில் நிற்காதவர்களுக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று ஆராய்கிறது. உள்ளிருந்தவரின் குரல், நிதானமான வாதம். அறுநூறு பக்கத்தைத் தாண்டுகிறது என்பதே தடை. வேரா ஸ்மித் 1936-இல் எழுதிய ஆய்வு நூல் மாணவிக்கு மிகவும் பிடித்திருந்தது: மத்திய வங்கி தானாக முளைத்ததல்ல, அரசு கொடுத்த சலுகைகளால் வளர்ந்தது என்று நாடு நாடாகக் காட்டுகிறது. ஸ்வீடனிலும் தனியார் வங்கிகள் நோட்டு அச்சிட்ட காலம் ஒன்று உண்டு. 1897 சட்டத்துக்குப் பிறகே அந்த உரிமை முழுவதும் ரிக்ஸ்பேங்கின் கைக்கு வந்தது. ஆனால் இன்று கடன் கட்டுகிறவரின் கேள்விகளுக்கு அந்த நூலில் பதில் இல்லை. கழித்தல் வட்டி, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே போன வட்டி, இன்றைய அளவிலான கடன் பத்திரக் கொள்முதல் எல்லாம் அந்த நூலுக்கு வெகு பின்னால் வந்தவை. என்னைக் கேட்டால் அது இரண்டாவதாக வர வேண்டிய நூல்.

கடைசியில் நாங்கள் கைவைத்தது பிரெஞ்சுப் பொருளியல் வரலாற்றாளர் எரிக் மோனே 2021-இல் சோய் (Seuil) பதிப்பகத்தின் வழியே வெளியிட்ட சிறிய நூலின் மீது. பின்னர் அது ஆங்கிலத்திலும் வந்தது. மத்திய வங்கி சந்தைக்கு வெளியே நிற்கும் நடுநிலையான கருவி என்பதை அவர் ஏற்பதில்லை. அதை மக்கள்நல அரசின் ஓர் உறுப்பாகப் பார்க்கிறார். அப்படியானால் அதன் முடிவுகள் பற்றி நாடாளுமன்றத்தில் அறிவார்ந்த விவாதம் நடக்க வேண்டும், அதற்குத் தேவையான நிபுணத்துவத்தை நாடாளுமன்றத்துக்கே கொடுக்க வேண்டும் என்பது வாதம். ஐரோப்பிய நாடாளுமன்றத்தோடு இணைந்த ஒரு கடன் மன்றத்தை முன்மொழிகிறார். அழிக்கச் சொல்லவில்லை, வணங்கச் சொல்லவுமில்லை.

பெயர் மாற்றும் சோதனையில் இது ஸ்வீடனுக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பார்த்தபோது எனக்கே சிலிர்ப்பாக இருந்தது. உலகப் போருக்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் ரிக்ஸ்பேங்க் வட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் குறிப்பிட்ட பங்கு வீட்டுவசதிக் கடன் பத்திரங்களை வாங்கியே தீர வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. 1965 முதல் 1974 வரை பத்து லட்சம் வீடுகளைக் கட்டிய திட்டத்துக்குப் பணம் அப்படித்தான் திரண்டது. எங்கள் கூட்டம் நடக்கும் கட்டடத்துக்கு எதிரே இருக்கும் அடுக்குமாடி வரிசை அந்தக் காலத்தது. கடன் எங்கே போக வேண்டும் என்று ஒரு ஜனநாயகம் முன்பே தீர்மானித்திருக்கிறது என்பதைத் தொழிற்சங்கக்காரர் ஜன்னல் வழியே சுட்டிக் காட்டினார். அதே ஏற்பாடு சேமிப்பவரின் வருமானத்தைக் குறைத்தது, அரசியல்வாதியின் விருப்பத்துக்குப் பணம் போனது என்று வங்கி ஊழியர் அங்கேயே மறுத்தார். இருவரும் அந்த நூலை வைத்தே வாதாடினார்கள். இந்த நூல்தான் என்று எனக்கு அப்போது தீர்மானமாகிவிட்டது.

குறைகளும் உண்டு. நூலின் களம் யூரோ மண்டலம். ஸ்வீடன் 2003 வாக்கெடுப்பில் யூரோவை மறுத்த நாடு. ஆகவே ஸ்வீடிஷ் பதிப்புக்கு ஒரு தனி முன்னுரை வேண்டும். 1999 முதல் ரிக்ஸ்பேங்குக்குச் சட்டப்படி வந்த சுதந்திரம். 2010, 2011-இல் வட்டியை ஏற்றியதை வாரியத்துக்குள்ளேயே எதிர்த்து 2013-இல் விலகிய துணை ஆளுநர் லார்ஸ் ஸ்வென்சன். 2015 பிப்ரவரியில் தொடங்கி 2019 முடியும் வரை நீடித்த கழித்தல் வட்டி. அந்த ஆண்டுகளில் வாங்கிக் குவித்த பத்திரங்களின் மதிப்பு சரிந்து 2022-இல் ஏற்பட்ட சுமார் 8,100 கோடி குரோனா நட்டம். அதைச் சரிக்கட்ட ரிக்ஸ்டாக் 2024-இல் கொடுத்த 2,500 கோடி குரோனா. இவற்றை ஆசிரியர் எழுத முடியாது, நாங்கள் எழுத வேண்டும். ஒரு நூலில் உங்கள் நாட்டைப் பற்றி ஒன்றுமில்லை என்பது தள்ளுவதற்குக் காரணமல்ல. முன்னுரையில் நிரப்பக்கூடிய இடைவெளியா, நூலின் அடித்தளத்தையே ஆட்டும் இடைவெளியா என்று பாருங்கள்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்வீடன் நூலகங்கள் பலவற்றை இணைக்கும் லிப்ரிஸ் பட்டியலில், ஆசிரியர் பெயரையும் மூலத் தலைப்பையும் போட்டு முன்பே மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுவது முதல் படி. ஆசிரியர் இறந்து 70 ஆண்டு ஆகாத எந்த நூலுக்கும் உரிமை கேட்டாக வேண்டும். ஆசிரியருக்கு எழுதுவது மரியாதை. ஆனால் முடிவு செய்வது பெரும்பாலும் மூலப் பதிப்பகத்தின் வெளிநாட்டு உரிமைப் பிரிவு. அவர்கள் கேட்பது எந்தப் பதிப்பகம், எத்தனை பிரதி, அச்சா மின்னூலா, என்ன விலை, எப்போது வெளிவரும் என்பவைதான். படிப்பு வட்டம் என்ற பெயரில் கடிதம் போனால் பதில் வருவது அரிது. ஒரு சிறு பதிப்பகத்தை முதலில் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அதன் பெயரில் எழுதுங்கள். பிரெஞ்சு நூல்களுக்கு ஒரு கூடுதல் வசதி: பிரான்ஸின் தேசிய நூல் மையம் வெளிநாட்டுப் பதிப்பகங்களுக்கு மொழிபெயர்ப்பு உதவி தருகிறது. உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே மொத்த நூலையும் மொழிபெயர்த்துவிடாதீர்கள். மாதிரிக்கு ஓர் அத்தியாயம் போதும்.

அந்த மாதிரி அத்தியாயத்தை எங்கள் பிரெஞ்சு ஆசிரியை செய்தார். ஸ்வீடிஷ் அவருடைய தாய்மொழி. அதனால் அந்த வேலை அவருடையது, என்னுடையதல்ல. துறைச் சொற்களுக்கு ரிக்ஸ்பேங்கின் பணக் கொள்கை அறிக்கைகளையே அகராதியாக வைத்துக்கொண்டார். அவை ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் வருவதால் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் பார்க்கலாம். முடித்ததும் பொருளியல் படிக்காத இருவரை வரவழைத்து உரக்க வாசிக்கச் செய்தோம். ஒருவர் செவிலியர்; மத்திய வங்கி அரசின் கடன் பத்திரங்களை வாங்குவது பற்றிய பத்தியில் நிறுத்தி, வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நூல் அதற்கு அடுத்த பத்தியில் பதில் சொல்கிறது. அவர் தொடர்ந்து வாசித்தார், பிறகு முந்தைய பத்திக்குப் போய் மீண்டும் வாசித்தார்.

முன்னுரை இப்போது இரு கைகளில் வளர்கிறது. தொழிற்சங்கக்காரர் 1985 வரையிலான பகுதியை எழுதுகிறார், அதற்குப் பிறகு வந்ததை வங்கி ஊழியர் எழுதுகிறார். ஒருவர் எழுதியதை மற்றவர் ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டி விகித மாற்றங்களின் தேதி அட்டவணை என் பொறுப்பு. நூலின் கடைசிப் பக்கத்தில், வாசகர் தன் வீட்டுக் கடன் ரசீதை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி அதை அமைத்துக்கொண்டிருக்கிறேன்.